கூலியும் இனாமும்

1

கூலி என்பது நம்ம சொல். செய்த வேலைக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறது கூலி. களையெடுத்தால் கூலி, மூட்டை தூக்கினால் கூலி, மண் வெட்டினால் கூலி. கொடுக்கவேண்டியதைக் குறிக்கிற சொல்லாகத்தான் அது நம்மிடம் இருந்தது. வெள்ளைக்காரன் வாயில் நுழைந்த பிறகு ஆளுக்குப் பெயராகிவிட்டது. குஜராத்துப் பக்கத்துக் கோலி இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. எங்கிருந்து கிளம்பியிருந்தாலும் தமிழ்க் கூலியோடு கலந்துதான் அந்தச் சொல் உலகம் சுற்றியது. கண்டியிலும் மலேயாவிலும் நேட்டாலிலும் நம்ம சனங்கள் கூலி என்றுதான் பதிவேட்டில் ஏறினார்கள். இமயமலை ஏறப்போன துரைமார்கள் எழுதிய புத்தகங்களிலும் அவர்கள் சுமையைத் தூக்கிவந்த மனுசன் பெயர் கூலிதான். கொடுக்கவேண்டிய காசின் பெயரை ஆளுக்கே வைத்துவிட்டால், காசைப் பற்றிப் பேசாமலே காரியத்தை முடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

காசைப் பற்றிப் பேசலாம். மலைக்காட்டுக்குள், கடைகண்ணி இல்லாத இடத்தில், ஒருவன் இன்னொருவன் சுமையைத் தூக்கிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு நாள் நடக்கிறான். கடைசியில் சுமை கொடுத்தவன் அவன் கையில் கொஞ்சம் பணம் வைக்கிறான். அதற்கு டிப்ஸ் என்று பெயர். நம்ம பாசையில் இனாம். வைக்கிறவனுக்கு அது தாராளம், வாங்குகிறவனுக்கு அது சாப்பாடு. இந்தப் பணம் கூலியா, இனாமா? கொடுப்பது சரியா, கொடுக்காமலிருப்பது சரியா? இது ஊர் சுற்றப் போகிறவர்களின் சின்னச் சங்கடம் என்று தள்ளிவிட முடியவில்லை. இனாம் வாங்கியே தலைமுறைகளை ஓட்டிய சனத்திலிருந்து வந்தவர்களுக்கு இதில் சொல்வதற்கு இருக்கிறது.

2

எவரெஸ்ட் அடிவாரத்துக்குப் போகிற பாதையை எடுத்துக்கொள்வோம். இப்போது தமிழ்நாட்டிலிருந்தும் நிறையப் பேர் போகிறார்கள். காட்மாண்டுவிலிருந்து சின்ன விமானத்தில் லுக்லா. 1964-ல் ஹிலாரியின் ஏற்பாட்டில் உருவான இறங்குதளம் அது. அங்கிருந்து மேலே மோட்டார் ரோடு கிடையாது. ஆள் நடக்கணும், இல்லையென்றால் மாடோ கோவேறு கழுதையோ நடக்கணும், இல்லையென்றால் ஹெலிகாப்டர். இரண்டு நாள் நடந்தால் நாம்சே, 3440 மீட்டர். அடிவார முகாம் 5364 மீட்டர்.

நாம்சே வரைக்கும் பாங்கும் ஏடிஎம்மும் உண்டு. அதற்கு மேலே பெரும்பாலும் ரொக்கம்தான். ஆயிரம் ரூபாய் நோட்டை நீட்டினால் சில்லறை இருக்காது. நூறு இந்திய ரூபாய்க்கு நூற்றியறுபது நேபாள ரூபாய் என்பது 1993-லிருந்து மாறாத கணக்கு. அதனால் நம்மவர்களுக்கு மனசுக்குள் பெருக்கிப் பார்ப்பது எளிது. எளிதாக இருப்பதாலேயே பேரமும் எளிதாக வருகிறது.

சுமை தூக்குகிறவர் கூடையை முதுகில் வைத்து, அதன் வாரை நெற்றியில் மாட்டிக்கொள்கிறார். கூடைக்கு டோக்கோ என்று பெயர், வாருக்கு நாம்லோ. கையில் குட்டையான ஒரு கோல். மூச்சு வாங்கும்போது சுமையை இறக்கமுடியாது. இறக்கினால் திரும்ப ஏற்றிவிட ஆள் வேண்டும். அதனால் அந்தக் கோலைப் பின்னால் முட்டுக்கொடுத்து, சுமையை அதன்மேல் சாய்த்து, நின்றபடியே இளைப்பாறுகிறார். நேபாளியில் சுமைதூக்கியை 'பரியா' என்கிறார்கள். அந்தப் பாதையில் நடந்தபோது முதல்முறை அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்குத் திடுக்கென்றது. விசாரித்தால், பாரம் என்பதிலிருந்து வந்த சொல்லாம். நம்ம பெயருக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. உறவில்லாவிட்டாலும் திரும்பிப் பார்க்க வைத்தது.

அந்தப் பாதையில் இரண்டு வகைப் பரியாக்கள் இருக்கிறார்கள். ஒருவர் பயணியின் பையைத் தூக்குகிறவர். கம்பெனி நாள்கூலி கொடுக்கும். சுமைதூக்கிகளின் பாதுகாப்புக்காகப் பாடுபடுகிற அமைப்புகள் நேபாளத்துக்கு 30 கிலோவை உச்சவரம்பாகச் சொல்கின்றன. இன்னொருவர் சந்தைச் சரக்குத் தூக்குகிறவர். அரிசி, மண்ணெண்ணெய், பீர் பாட்டில், கூரைத் தகரம், பலகை எல்லாம் அவர் முதுகில்தான் ஏறும். அவருக்குக் கிலோக் கணக்கில் கூலி. அதனால் எவ்வளவு தூக்கமுடியுமோ அவ்வளவும் தூக்குவார். நாம்சே சந்தைக்குச் சரக்கு கொண்டுபோகிறவர்களை எடைபோட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2005-ல் வெளிவந்தது. ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடம்பின் எடையில் நூற்றுக்கு 93 பங்கு தூக்குகிறார்கள், பெண்கள் 66 பங்கு. தன் உடம்பைவிடக் கனமான சுமையோடு போகிறவர்களும் அதில் உண்டு.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். பயணியின் பையைத் தூக்கியவருக்கு டிப்ஸ் உண்டு. அந்தப் பயணி ராத்திரி சாப்பிட்ட அரிசியையும் குடித்த பீரையும் தூக்கிவந்தவருக்கு டிப்ஸ் இல்லை. பயணி அவரைப் பாதையில் பார்த்திருப்பான், ஒதுங்கி வழிவிட்டிருப்பான், ஒரு போட்டோகூட எடுத்திருப்பான். ஆனால் அவர் இவனுடைய ஆள் அல்ல. ஆக டிப்ஸ் உழைப்புக்குக் கிடைக்கிறது இல்லை. கண்ணுக்கு முன்னால் இருந்ததற்குக் கிடைக்கிறது. நம்ம ஊர் ஓட்டலில் பரிமாறுகிறவருக்குத் தட்டில் காசு விழுகிறது. பின்பக்கம் அண்டா கழுவுகிற பெண்ணுக்கு விழுவதில்லை. சாக்கடைக்குள் இறங்குகிறவருக்கு யார் டிப்ஸ் கொடுத்தார்கள்? இனாமுக்குக் கண் உண்டு, அது தன் முன்னால் நிற்பதை மட்டும்தான் பார்க்கும்.

3

டிப்ஸ் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதையும் பார்க்கணும். பயணம் முடிந்து லுக்லாவுக்குத் திரும்பிய கடைசி ராத்திரி. விடுதியின் சாப்பாட்டுக் கூடம். பயணிகள் கும்பலாகப் பணம் வசூலித்துத் தனித்தனி உறையில் போட்டு வைத்திருப்பார்கள். சுமைதூக்கிகளின் மேஸ்திரி, சர்தார் என்று பெயர், அவர் தன் ஆட்களைக் கூட்டிவந்து வரிசையாக நிறுத்துவார். ஒருவர் சின்னதாகச் சொற்பொழிவு செய்வார், "நீங்கள் இல்லாமல் நாங்கள் இல்லை" என்பார். அது சத்தியமான வார்த்தைதான். பிறகு ஒவ்வொருவராக வந்து இரண்டு கையாலும் உறையை வாங்கிக்கொள்வார்கள். எல்லோரும் கைதட்டுவார்கள். போட்டோ எடுப்பார்கள். பன்னிரண்டு நாளும் பெயர் தெரியாமல் இருந்தவரின் பெயர் அன்றைக்குத்தான் தெரியவரும்.

சில கும்பல்களில் உறை தனித்தனியாகப் போகாது. மொத்தமாகச் சர்தாரிடமோ வழிகாட்டியிடமோ கொடுத்துவிடுவார்கள், அவர் பிரித்துக்கொடுப்பார் என்று. அவர் எப்படிப் பிரிக்கிறார் என்பதைக் கொடுத்தவர் பார்ப்பதில்லை. விமானத்துக்கு நேரமாகிவிடும். ஆப்பிரிக்காவில் கிளிமாஞ்சாரோ மலையிலும் இதே கதைதான். அங்கே பல காலமாக இருக்கிற புகார், தலைமை வழிகாட்டியிடம் போன உறை சுமைதூக்கியின் கைக்கு வரும்போது இளைத்துப்போகிறது என்பது. 2003-லிருந்து அங்கே சுமைதூக்கிகளுக்காக வேலை செய்கிற ஓர் அமைப்பு இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்பதை எல்லோர் முன்னாலும் சொல்லிக் கொடுங்கள் என்பது அதன் முக்கியமான கோரிக்கை.

பணத்தோடு இன்னொன்றும் கொடுப்பார்கள். பழைய சப்பாத்து, பழைய சட்டை, அடிதேய்ந்த கையுறை. குளிருக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் பண்டிகைக்குப் பண்டிகை பழந்துணி வாங்கிய வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்தச் சட்டையின் வாசனை தெரியும். மலை ஏறும்போது குளிர் இருந்தது. அப்போது கொடுக்கவேண்டிய சட்டையை இறங்கிய பிறகு கொடுப்பது எதனால்? இறங்கிய பிறகுதான் அது கொடுத்தவனுக்கு வேண்டாததாகிறது.

கம்பெனிக்காரனின் கணக்கைப் பாருங்கள். ஊருக்குள்ளேயே குறைந்த விலையில் கூட்டிப்போகிறேன் என்று விளம்பரம் செய்கிறான். எங்கே குறைப்பான்? விமானக் கட்டணத்தில் குறைக்கமுடியாது, அனுமதிச் சீட்டில் குறைக்கமுடியாது. கூலியில்தான் குறைக்கமுடியும். சுமைதூக்கி கேட்டால், "டிப்ஸ் கிடைக்குமே" என்பான். பயணி கேட்டால், "டிப்ஸ் கொடுப்பது இங்கே வழக்கம்" என்பான். இரண்டு பக்கமும் ஒரே சொல்லைச் சொல்லி நடுவில் தன் லாபத்தை எடுத்துக்கொள்கிறான். கொடுக்கவேண்டிய கடமை அவனிடமிருந்து நழுவிப் பயணியின் மனசுக்குப் போய்விடுகிறது. பயணிக்கு மனசிருந்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை.

4

அந்த மலையில் சுமை யார் தலையில் ஏறியது என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1854-ல் ஜங் பகதூர் ராணா காலத்தில் நேபாளத்துக்கு ஒரு சட்டத் தொகுப்பு எழுதினார்கள். நாட்டிலிருந்த அத்தனை பேரையும் சாதி அடுக்கில் நிறுத்திய சட்டம் அது. மேலே பூணூல் போட்டவர்கள். அதற்குக் கீழே சாராயம் குடிக்கிற மலைச்சாதியார், அவர்களிலும் அடிமையாக்கக் கூடாதவர்கள், அடிமையாக்கலாம் என்கிறவர்கள் என்று இரண்டு பிரிவு. அடியிலே, தொட்டால் தண்ணீர் தெளிக்கவேண்டிய தீண்டாதவர்கள். தமாங்குகளையும், போட்டே என்று சொல்லப்பட்ட வடமலைக்காரர்களையும் அடிமையாக்கலாம் என்கிற பிரிவில் வைத்தார்கள். அரசாங்கச் சுமையைக் கூலியில்லாமல் தூக்குவது குடிமக்களின் கடமை. அதற்கு ஜாரா என்றும் உலாக் என்றும் பெயர்கள். அடிமைமுறை 1920களின் நடுவில் போனது. சாதிக்கொரு நீதி என்கிற சட்டம் 1963-ல் போனது. தீண்டாமையைத் தண்டிக்கத் தனிச்சட்டம் 2011-ல் வந்தது. சட்டம் போனாலும் முதுகு மாறவில்லை. பூணூல்காரன் சுமை தூக்கவே இல்லை என்று சொல்லமாட்டேன். பசி எல்லோரையும் தூக்க வைக்கும். ஆனால் வழிவழியாகத் தூக்கியவர்கள் ராய்களும் தமாங்குகளும் மகர்களும் தலித்துகளும்தான்.

எல்லைக்கு இந்தப் பக்கம் குமாவோன் மலையிலும் இதுதான் நடந்தது. வெள்ளை அதிகாரியும் வேட்டைக்கு வந்த துரையும் ஊர் ஊராகப் போவார்கள். எந்த ஊரில் முகாமோ அந்த ஊர்க்காரர்கள் சுமை தூக்கணும், பாலும் விறகும் கொடுக்கணும். யாருடைய முறை என்று பதிவேடு வைத்திருப்பார்கள். 1921 சனவரியில் பாகேஸ்வரில் உத்தராயணித் திருவிழாவுக்குக் கூடிய சனம் அந்தக் கூலிப் பதிவேடுகளைச் சரயு நதியில் வீசியெறிந்தது. இனிமேல் தூக்கமாட்டோம் என்று சத்தியம் செய்தது. அவர்கள் இனாமைக் கூட்டிக் கேட்கவில்லை. பதிவேட்டைத் தண்ணீரில் போட்டார்கள்.

அடுத்த ஆண்டு, 1922 ஜூன் 7, எவரெஸ்டின் வடபக்கத்தில் பனிச்சரிவு. ஏழு சுமைதூக்கிகள் செத்தார்கள். கூடப் போன வெள்ளைக்காரர்கள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்களில் ஒருவர் சாமர்வெல் என்கிற மருத்துவர். எங்களில் ஒருவராவது அவர்களோடு செத்திருக்கக்கூடாதா என்று மனம் குமைந்து எழுதியவர். அதே பயணத்தின் பின்னால் தெற்கே வந்து, அன்றைக்குத் தென்திருவிதாங்கூராக இருந்து இப்போது கன்னியாகுமரி மாவட்டமாக இருக்கிற நெய்யூரில் மிசன் ஆஸ்பத்திரியைப் பார்த்தார். அங்கேயே வேலைக்குத் தங்கிவிட்டார். இடையில் 1924-ல் மறுபடி எவரெஸ்டுக்குப் போய்வந்தார். பிறகு நெய்யூரில் வருசக்கணக்காக நம்ம சனங்களுக்கு வைத்தியம் பார்த்தார். அந்த ஏழு உயிருக்குப் பதிலாகத்தான் தங்கினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு உறையில் போட்டுத் தீர்த்துவிட முடியாத கடன் ஒன்று உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

1953-ல் டென்சிங்கும் ஹிலாரியும் உச்சி ஏறிய அந்தப் பயணத்தின் தொடக்கத்தில், காட்மாண்டு பிரிட்டிஷ் தூதரகத்தில் வெள்ளைக்காரர்களுக்கு அறைகள் கிடைத்தன. ஷெர்பாக்களுக்கு முன்பு குதிரைலாயமாக இருந்த வண்டிக்கொட்டகைதான். கக்கூசும் இல்லை. விடிந்ததும் அவர்கள் தூதரக வாசலுக்கு எதிரிலேயே மூத்திரம் பெய்தார்கள். வரலாற்றுப் புத்தகங்கள் இதை ஒரு வேடிக்கை போல எழுதும். எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. அந்தக் காலை நேரத்தில் அவர்கள் சொன்ன பதிலை எந்த டிப்சும் வாங்கிவிட முடியாது.

5

இனி நம்ம களத்துமேட்டுக்கு வருவோம். அறுவடை முடிந்து நெல் தூற்றி முடிந்ததும், ஊருக்கு உழைத்தவர்களுக்கென்று கொஞ்சம் நெல் அளப்பார்கள். வெட்டியானுக்கு, தோட்டிக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு. மேரை என்பார்கள். அதற்கு இன்னொரு பெயரும் உண்டு: சுதந்திரம். "களத்துக்குச் சுதந்திரம் வாங்கப் போறேன்" என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, களத்துக்கு வெளியே தள்ளி நின்று, "ஆண்டே, கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று கேட்டு வாங்குகிற கருக்காய் நெல்லுக்குப் பெயர் சுதந்திரம்! பாத்தியதை என்கிற பொருளில் வந்த சொல் அது. சொல்லில் உரிமை இருந்தது. வாங்குகிற உடம்பில் இல்லை.

இனாம் என்கிற சொல்லுக்கும் இதே கதி. பார்ப்பனர்களுக்கும் கோயில்களுக்கும் போன இனாம் நிலமாகப் போனது, வரியில்லாமல் போனது, பட்டயம் எழுதிப் போனது. வாங்கியவர்கள் இனாம்தார்கள் ஆனார்கள், யாருக்கும் குனியவில்லை. நமக்கு வந்த இனாம் துண்டில் விழுந்தது.

இந்தச் சூழ்ச்சியை உடைத்துக் காட்டியவர் பாபாசாகேப் அம்பேத்கர். மகாராட்டிரத்து மகர்கள் ஊர்ச்சேவகம் பார்த்தார்கள். இரவு பகல் பார்க்காமல் அரசாங்கம் கூப்பிட்ட நேரத்துக்குப் போகணும். ஆள் இல்லையென்றால் குடும்பத்தில் இன்னொருவர் போகணும். அதற்கு அரசாங்கம் கொடுத்தது துண்டு நிலமும் அற்பக் காசும். மீதியை ஊர்க் குடியானவர்கள் தானியமாகக் கொடுப்பார்கள் என்று விட்டுவிட்டது. அதற்குப் பெயர் பலுதா. வேலை வாங்குகிறவன் ஒருவன், கூலி கொடுக்கவேண்டியவன் இன்னொருவன். குடியானவனுக்குக் கோபம் வந்தால் பலுதா நின்றுபோகும். மகர்கள் தலைநிமிர்ந்து நடந்தாலே கோபம் வரும். 1928-ல் பம்பாய் சட்டசபையில் அம்பேத்கர் ஒரு மசோதா கொண்டுவந்தார். பலுதாவைப் பண வரியாக மாற்று, அரசாங்கமே நிலவரியோடு வசூலி, வேலை செய்தவனுக்குச் சம்பளமாகக் கொடு என்பது அதன் சாரம். அன்றைக்கு அது சட்டமாகவில்லை. அந்தப் பரம்பரை ஊழியத்தை ஒழிக்கிற சட்டம் 1958-ல்தான் வந்தது.

அந்த மசோதாவை மலைப்பாதைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். வேலை வாங்குகிறவன் கம்பெனி, மீதியைக் கொடுக்கவேண்டியவன் பயணி. கோபம் வந்தால் நின்றுபோகும். டிப்ஸ் என்பது மலைமேல் ஏறிய பலுதா. அம்பேத்கர் குடியானவனைப் பார்த்து இன்னும் தாராளமாகக் கொடு என்று கேட்கவில்லை. தாராளத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சம்பளத்தை வை என்றார்.

6

"எங்களுக்கு நன்றி இருக்கிறது, சந்தோசமாகக் கொடுக்கிறோம், அவர்களும் சந்தோசமாக வாங்கிக்கொள்கிறார்கள். இதில் என்ன சாதி, என்ன ஆதிக்கம்?" என்று கேட்பவர்கள் நல்லவர்கள்தான். அவர்களின் நன்றியைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் அன்பளிப்பு என்பதற்கு ஒரு சோதனை உண்டு. வாங்குகிறவனால் வேண்டாம் என்று சொல்ல முடியணும். சொல்லிவிட்டு நாளைக்கும் வேலைக்கு வர முடியணும். சர்தார் பார்த்துக்கொண்டிருக்கிறார், அடுத்த கும்பலுக்கு ஆள் எடுப்பவர் அவர்தான். கூலி மட்டும் என்றால் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது கையில் ஒன்றும் மிஞ்சாது. அவனால் வேண்டாம் என்று சொல்லமுடியாது. வேண்டாம் என்று சொல்லமுடியாதவனின் சிரிப்பை வைத்துச் சந்தோசத்தை அளக்கக்கூடாது.

கூலிக்கும் ஒரு சோதனை உண்டு. குறைந்தால் சண்டை போட முடியணும். கூலி குறைந்தால், "என்னாங்க, பேசினது இவ்வளவு, இதென்ன?" என்று கேட்கலாம். இனாம் குறைந்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு கும்பிடத்தான் முடியும். கேட்டால் நன்றிகெட்டவன் என்பார்கள். ஆதிக்கக்காரனுக்கு இனாம் ஏன் பிடிக்கிறது, கூலி ஏன் பிடிப்பதில்லை என்பது இதில் இருக்கிறது. கீழத்தஞ்சைப் பண்ணைகளில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி துண்டு கொடுத்தார்கள். அதே பண்ணைகளில் நெல்கூலியைக் கூட்டிக் கேட்டுச் சங்கம் சேர்ந்தபோது, 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். கூட்டிக் கேட்ட நெல்லைவிட இனாமாகக் கொடுத்த துணிக்கு விலை அதிகமாகக்கூட இருந்திருக்கலாம். விலை அங்கே பிரச்சினையாக இருக்கவில்லை. கேட்டதுதான் பிரச்சினையாக இருந்தது.

அப்படியென்றால் டிப்ஸ் கொடுக்காமல் வந்துவிடலாமா? இங்கேதான் கொள்கை பேசுகிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள். "இனாம் கொடுப்பது மனுசனைக் கேவலப்படுத்துவது, எனவே நான் கொடுக்கமாட்டேன்" என்று ஒருவன் மலையிறங்கி வந்தால், அவனுடைய கொள்கைக்கு யார் காசு கொடுத்தது? சுமைதூக்கியின் வீடு கொடுத்தது. அவனுக்கு வரவேண்டிய சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்துப் பயணியின் பையில் போட்டிருக்கிறார்கள். அதைத் திருப்பிக் கொடுக்காமல் வருவது அடுத்தவன் சம்பளத்தோடு வீட்டுக்கு வருவது. தன் பையைத் தொடாத கொள்கை எல்லாருக்கும் எளிது.

இரக்கத்தில் அள்ளிக்கொடுப்பதும் சரிவராது. தன்னோடு வந்தவனுக்கு ஐந்து மடங்கு கொடுத்துவிட்டு, அவன் கண்ணீர்விட்டதைப் பத்து வருசம் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் உண்டு. பக்கத்துக் கும்பலில் அதே சுமையைத் தூக்கியவனுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. நாளைக்கு வேலைக்கு நிற்கும்போது கூலி எவ்வளவு என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்தத் துரைக்கு மனசு பெருசு என்று முகம் பார்க்கப் பழகுவார்கள். முகம் பார்த்துப் பிழைக்கிற அந்தப் பழக்கத்தைக் கழற்றி எறிய நமக்கு எத்தனை தலைமுறை ஆனது!

7

ஆகவே கொடுக்கத்தான் வேண்டும். பாக்கி தீர்க்கிறவனாகக் கொடுக்கவேண்டும். பாக்கி தீர்க்கிறவனின் கையும் தர்மம் செய்கிறவனின் கையும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

பாக்கி தீர்க்கிறவன் முதலிலேயே கணக்குக் கேட்பான். புறப்படும் முன்பே கம்பெனியிடம், சுமை தூக்குகிறவருக்கு நாள்கூலி எவ்வளவு, சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு, இன்சூரன்ஸ் உண்டா, எத்தனை கிலோ ஏற்றுவீர்கள் என்று கேட்பான். பதில் சொல்லாத கம்பெனியோடு போகமாட்டான். விலை மலிவாக இருந்தால் அந்த மலிவு யார் வயிற்றிலிருந்து வந்தது என்று பார்ப்பான். முதல் நாளே சுமைதூக்கியின் பெயரைக் கேட்பான், கடைசியில் இவ்வளவு தருவேன் என்று சொல்லிவிடுவான். சொன்னதால் அது பேச்சாகிறது, பேச்சானதால் கேட்கிற உரிமை வருகிறது. கீழேயே சில்லறை மாற்றிக்கொள்வான், அந்த நாட்டு நோட்டாகவே வைத்திருப்பான். கிழிந்த டாலரை மலையில் யார் மாற்றுவார்கள்? சர்தார் கையில் மொத்தமாகக் கொடுக்காமல், தூக்கியவர் கையில் தானே கொடுப்பான். எண்ணிப் பாருங்கள் என்பான். வரிசையில் நிறுத்தமாட்டான், கைதட்டமாட்டான், போட்டோ எடுக்கமாட்டான். கையுறை கொடுப்பதானால் பனி தொடங்கும் இடத்தில் கொடுப்பான்.

இவ்வளவும் செய்தாலும் ஒரு தனி ஆள் செய்தது அவ்வளவுதான். எண்ணி, பெயர் சொல்லிக் கொடுத்தாலும், கம்பெனி கொடுக்கவேண்டியதைத்தான் அவன் கொடுத்திருக்கிறான். பலுதா பலுதாதான். அதை மாற்றக்கூடியது இரண்டு. ஒன்று சட்டம். பெருநாட்டில் மாச்சுபிச்சுவுக்குப் போகிற இன்காப் பாதையில் தூக்குகிறவர்களுக்கென்றே 2001-ல் சட்டம் போட்டார்கள். 20 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது, குறைந்தபட்சக் கூலி இவ்வளவு என்று எழுதினார்கள். எழுதியதெல்லாம் நடந்துவிடவில்லை. ஆனால் எழுதிய பிறகு கேட்பதற்கு ஒரு தாள் இருக்கிறது.

இன்னொன்று வேலையை நிறுத்துவது. 2014 ஏப்ரல் 18, எவரெஸ்டின் தென்பக்கம் கும்பு பனியருவியில் சரிவு விழுந்து 16 நேபாளத் தொழிலாளிகள் செத்தார்கள். வெள்ளைக்காரர்கள் ஏறுவதற்காகக் கயிறும் ஏணியும் சாமானும் கொண்டுபோனவர்கள். அரசாங்கம் ஈமச்சடங்குக்கென்று குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய் அறிவித்தது. இந்தியக் காசில் இருபத்தைந்தாயிரம். மலையேற ஒரு வெளிநாட்டுக்காரன் கட்டுகிற தொகையில் அது தூசு. ஷெர்பாக்கள் அந்த இனாமை வாங்கிக் கும்பிடவில்லை. இந்த வருசம் ஏறமாட்டோம் என்றார்கள். தென்பக்கத்தில் அந்த வருசப் பயணங்கள் பெரும்பாலும் அதோடு நின்றன. ஏறுகிற தொழிலாளிகளின் இன்சூரன்ஸ் பத்து லட்சத்திலிருந்து பதினைந்து லட்ச ரூபாயாக உயர்ந்தது. போதாதுதான். ஆனால் அது யாருடைய தாராளத்திலிருந்தும் வரவில்லை. அறுபது வருசமாக உறைகளில் வாங்கிய டிப்ஸ் எதுவும் அதைச் செய்யவில்லை.

டிப்ஸ் கொடுக்கிற அன்பர்களுக்கு அன்றைய வேலைநிறுத்தம் பிடித்திருக்காது. வருசக்கணக்காகப் பணம் சேர்த்து வந்திருந்தார்கள், அவர்கள் ஏமாற்றம் நியாயமானது. ஆனால் தாராளத்தின் உண்மையான அளவு அன்றைக்குத்தான் தெரியும். வாங்குகிறவன் குனிந்திருக்கும்போது கொடுக்க எல்லோருக்கும் கை வரும். அவன் நிமிர்ந்து, சுமையை இறக்கி வைத்துவிட்டு, கணக்குப் பேசுவோம் என்று உட்காரும்போது, எதிரே உட்கார்ந்து பேசுகிறவன் எவனோ அவன்தான் மனுசனுக்கு மனுசன் மரியாதை கொடுத்தவன். நன்றி சொல்ல வாய் இருக்கிறது, தாராளமாகச் சொல்லலாம். காசை மட்டும் எண்ணிக் கொடுங்கள்.